நிஷினாரி என்றால் என்ன குறைச்சல்?

ஒசாகாவில் என் மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒசாகா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஜப்பான் என்றால் டோக்கியோ, அதற்குமேல் ஒரு புல்லட் ரயில், அவ்வளவுதான் அவர்கள் படித்த பூகோளம். ஆனாலும் கேட்பார்கள். "ஒசாகாவா... ஒசாகால எந்த எடம்?" அந்த இழுவை எனக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருஷமாக ராஜபாளையத்தில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவள் நான். இந்த ஊரில் ஒரு ஆளை எடை போட வேண்டுமென்றால் படிப்பைக் கேட்க மாட்டார்கள், வேலையைக் கேட்க மாட்டார்கள். "எந்தத் தெரு?" என்பார்கள். பதில் வந்ததும், உட்கார நாற்காலி போடுவதா, காப்பியைச் சில்வர் தம்ளரில் கொடுப்பதா பேப்பர் கப்பில் கொடுப்பதா என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

பலகையில் தெருப் பேர்களை மாற்றிவிட்டார்கள். பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதியை வெட்டியாகிவிட்டது. சனங்களின் வாயிலிருந்து யார் வெட்டுவது? புதுப் பேர் போட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு வழி கேட்டால், "பழைய பேரச் சொல்லும்மா, அப்பத்தான தெரியும்" என்பார் ஒரு பெரிய மனிதர். தெரியாமல் என்ன? அவர் வாசலில்தான் அந்தப் புதுப் பலகை நட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்கும் பகுதியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. அந்தக் கடை விலாசத்துக்கு மாசத்துக்குப் பத்துப் பதினைந்து தபால் வரும். "மேற்பார்வை, இன்னார் மளிகை" என்று போட்டிருக்கும். எல்லாம் காலனிப் பிள்ளைகளுக்கு வரும் தபால். வேலைக்கு மனுப் போடும்போது சொந்தத் தெருவை எழுதினால் கடிதம் குப்பைக்குப் போய்விடுமோ என்று பயந்து கடை விலாசத்தை எழுதியிருப்பார்கள். கடை அண்ணாச்சி வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார், பிள்ளைகள் சாயங்காலம் வந்து வாங்கிப் போவார்கள். இத்தனை வருஷத்தில் அவரும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சொந்த வீடு, வாசலில் நாலு பூச்செடி, வீட்டு வரி ரசீது எல்லாம் இருக்கிறவன் தன் பேரில் வரும் கடிதத்தைக் கடையில் ஒளித்து வைத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

என் மகள் நர்சிங் டிப்ளமோ படித்தாள். மதுரையில் எட்டு மாசம் ஜப்பான் பாஷை படித்தாள். பரீட்சை எழுதி, மூன்று வருஷத்துக்கு முன்னால் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலைக்கு ஒசாகா போனாள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், இப்போது ஒரு பஞ்சாலையில் கேட் பார்க்கிறார். "போயிட்டு வாத்தா" என்றதோடு அவர் பேச்சு முடிந்தது. பேசுகிற வேலை எல்லாம் எங்கள் வீட்டில் எனக்குத்தான்.

போன மறுவாரம் தன் விலாசத்தை எழுதி அனுப்பினாள். முதலில் பின்கோடு. பிறகு மாகாணம், பிறகு ஒசாகா நகரம், பிறகு வட்டம். வட்டத்தை அவர்கள் 'கு' என்கிறார்கள், ஒசாகாவுக்கு மொத்தம் இருபத்து நான்கு. பிறகு பேட்டையின் பேர், பேட்டைக்குள் பகுதி எண், பகுதிக்குள் கட்டத்தின் எண், கடைசியில் வீட்டு எண். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆள் பேர். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தபால் பிரிக்கிற நாங்களும் அப்படித்தானே படிக்கிறோம்! யாருக்கு என்று முதலில் பார்க்க மாட்டோம். கடைசி வரியில் பின்கோடு, அதற்கு மேலே ஊர், அதற்கும் மேலே தெரு என்று கீழேயிருந்து மேலே போவோம். ஒரு நாடே தபால் பிரிக்கிறவள் சொல்படி விலாசம் எழுதுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன், அதில் தெருவைக் காணோம்.

"ஏட்டி, தெருப் பேர விட்டுட்டியே" என்றேன் போனில்.

"இங்க தெருவுக்கெல்லாம் பேரு கெடையாதும்மா. பெரிய ரோட்டுக்கு மட்டும் உண்டு. வீடு இருக்க தெரு, சும்மா தெருதான்."

தெருவுக்குப் பேர் இல்லாத ஊர். எந்தத் தெரு என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கவே முடியாத ஊர். என் மகள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி எனக்கு அதற்கு முன் இருந்த பயமெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது. மறுநாள் கடிதக் கட்டோடு பீட்டில் இறங்கும்போது மனசுக்குள் ஒரு துள்ளல். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. கேட்கிற வாய்க்குத் தெருதான் வேண்டும் என்று இல்லை, வட்டம் கிடைத்தால் அதையும் கேட்கும்.

புதிய பீட் போட்டால் முதல் வாரத்திலேயே சந்து பொந்தெல்லாம் மனசில் ஏற்றிவிடுவேன். அதே மாதிரி ஒசாகாவையும் ஏற்றினேன். போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மகளிடம் கேட்டுக் கேட்டு, ஆறு மாசத்தில் கண்ணை மூடினாலும் வழி சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். வடக்கே யோதோ ஆறு. அதைத் தாண்டித் தெற்கே வந்தால் உமேதா, ஏகப்பட்ட ரயில் நிலையங்கள், கண்ணாடிக் கட்டடங்கள். அதற்கும் தெற்கே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் நீளமாக ஒரு தீவு, நகராட்சி ஆபீஸ் அங்கேதான். அதையும் தாண்டினால் நம்பா, கடைவீதி. வடக்கு தெற்காக ஓடும் பெரிய ரோடு என்றால் பேர் 'சுஜி' என்று முடியும், கிழக்கு மேற்கு என்றால் 'தோரி'. நடுநகரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ரயில். கிழக்கே கோட்டை. கோட்டையில் ஆரம்பித்துத் தெற்கே தென்னோஜி, அபேனோ வரைக்கும் நீளமாக ஒரு மேடு போகிறது. அந்த மேட்டைத் தவிர மற்றதெல்லாம் ஒரு காலத்தில் கடலும் சதுப்புமாகக் கிடந்ததாம். மேட்டுக்கு மேற்கே, பள்ளத்தில், என் மகள் இருக்கும் நிஷினாரி. அதற்கு மேற்கே கிஸு ஆறு. ஆற்றுக்கு அக்கரையில், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தாய்ஷோ. அங்கேதான் அவள் வேலை பார்க்கும் இல்லம்.

இக்கரையிலிருந்து அக்கரைக்கு நகராட்சிப் படகு போகிறது. டிக்கெட் கிடையாது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளோடு வரிசையில் நிற்பார்கள், சைக்கிளோடு ஏறுவார்கள், இரண்டு நிமிஷத்தில் அக்கரையில் சைக்கிளோடு இறங்குவார்கள். மகள் ஒருநாள் படகில் நின்றபடி வீடியோவில் காட்டினாள். தலைக்கு மேலே ஒரு பாலம், லாரிகள் ஏறி இறங்க இரண்டு பக்கமும் சுருள் சுருளாக வளைந்து கிடந்தது. கீழே படகில் ஒரு கிழவர் அவள் சைக்கிள் கூடையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றார். "தெனமும் பாப்பாரும்மா, பேச மாட்டாரு" என்றாள். அறையிலிருந்து வேலைக்குப் போக மொத்தம் இருபது நிமிஷம். அபேனோ எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "கெழக்க மிதிச்சுட்டே போனா தொடை வலிக்க ஆரம்பிக்கும், அப்ப அபேனோ வந்துட்டுன்னு அர்த்தம்" என்றாள். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது.

நிஷினாரிக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. அதையும் அவள்தான் சொன்னாள், மறைக்கவில்லை. அந்த வட்டத்தின் வடக்கு மூலையில் முன்னொரு காலத்தில் கூலி வேலைக்காரர்கள் கூடுவார்களாம். விடியற்காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அவர்கள் பாலம் கட்டினார்கள், ரோடு போட்டார்கள், அபேனோவின் மேட்டில் நிற்கும் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினார்கள். ராத்திரிக்கு வந்து ஒரு பாய் அகலம் இருக்கும் வாடகை அறைகளில் படுத்தார்கள். பிறகு வயசாகிப்போனது. வேலை போனது. குடித்தார்கள், தெருவில் கிடந்தார்கள். அந்த ஒரு மூலையை வைத்து முழு வட்டத்துக்கும் பேர் வைத்துவிட்டார்கள். வீடு தேடிப் போனபோது வீட்டுத் தரகரே, "வேற வட்டம் பாக்கலாமே" என்று முகத்தைச் சுளித்தாராம். ஊரைக் கட்டியவன் படுத்த இடம் கெட்ட இடம், அவன் கட்டிக் கொடுத்த இடம் நல்ல இடம். இதைச் சொல்ல ஒசாகாக்காரன் எதற்கு, எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு இருபத்தேழு ஆனது. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். முதலில் தளவாய்புரம் பக்கம் ஒரு வரன், பையன் டோக்கியோவில். எல்லாம் கூடி வந்தது. "ஒசாகால எந்த எடம்?" என்று கேட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து "நிஷினாரி" என்றேன். நாலு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்து சொன்னது. பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று ஜோசியரை வைத்துப் பார்த்ததே அவர்கள்தான்! நாலு நாளில் கிரகம் வீடு மாறிவிட்டதா என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர்களுடைய பையன் போனில் எதையோ தேடிப் பார்த்து, "அங்கயா?" என்று கேட்டுவிட்டான் என்பது பிறகு காதில் விழுந்தது.

இரண்டாவது வரன் ஸ்ரீவில்லிபுத்தூர். பையனின் அப்பா போலீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். நஞ்சை புஞ்சை உண்டு. பையன் ஒசாகாவிலேயே, வடக்கே யோதோகாவா வட்டத்தில், ஒரு மிஷின் கம்பெனியில் இன்ஜினியர். ஒரே ஊர். இதைவிட எப்படிக் கூடி வரும்? கல்யாணத் தரகர் தாளை நீட்டி, பெண்ணின் விவரம் எழுதச் சொன்னார். பேர், படிப்பு, நட்சத்திரம், வேலை எல்லாம் எழுதினேன். "தற்போதைய இருப்பிடம்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

அபேனோ, ஒசாகா என்று எழுதினேன்.

நான்தான் எழுதினேன், யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்திரண்டு வருஷம் விலாசத்தோடு குப்பை கொட்டியவள், பிழைத் தபாலைக்கூடச் சரியான வீட்டில் சேர்க்கிறவள், என் சொந்த மகளுக்கு அடுத்த வட்டத்தின் பேரைக் கடன் வாங்கி எழுதினேன். அந்த மளிகைக்கடைப் பிள்ளைகளாவது தங்கள் விலாசத்தைத் தாங்களே மறைத்தார்கள். நான் என் மகளைக் கேட்கவே இல்லை. எல்லை தாண்டினால் அபேனோதானே, தொடை வலிக்கும் தூரம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வீட்டுக்குப் பிடித்துவிட்டது. பையனும் பெண்ணும் பேசிக்கொள்ளட்டும் என்று இரண்டு பக்கமும் நம்பர் கொடுத்தோம். மூன்றாவது நாள் மகளிடமிருந்து போன். அங்கே வேலை முடிந்து சாயங்காலம், இங்கே நான் பீட் முடித்துச் சாப்பிட உட்கார்ந்த நேரம்.

"அம்மா, நான் அபேனோலயா இருக்கேன்?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

"அவரு கேக்காரு, அபேனோல எந்தப் பக்கம்னு. நான் நிஷினாரின்னு சொன்னேன். அவரு, தாள்ல வேற மாதிரி இருக்கேங்காரு. என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"அதில்லட்டி, போன தடவ ஆனது மாதிரி ஆயிரக்கூடாதேன்னு..."

"நான் இருக்க எடத்தச் சொல்ல ஒனக்கு வெக்கமா இருந்தா, என்கிட்டச் சொல்லு. ஊர்ல போயி மாத்தி எழுதாத. நீயா எழுதினத நீயா போயித் திருத்து."

அவள் அப்படிக் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. என் கோபத்தில் கொஞ்சம் அவளுக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது என் பக்கம் திரும்பும் என்று நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. திருத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். நான் எழுதியது, நான்தான் போக வேண்டும்.

ரத வீதிக்குப் பின்னால் மாடி வீடு. பையனின் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். உட்கார நல்ல நாற்காலி, தட்டில் பால்கோவா, சில்வர் தம்ளரில் காப்பி. மரியாதைக்குக் குறைவில்லை. காப்பியைத் தொடாமலே ஆரம்பித்தேன்.

"மதினி, ஒரு விசயம் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். தாள்ல நான் அபேனோன்னு எழுதினது தப்பு. என் மக இருக்கது நிஷினாரி. மேட்டுக்குக் கீழ இருக்கு. ஒங்ககிட்ட மறைச்சது என் தப்பு, அவளுக்கு இதுல சம்பந்தமில்ல."

இதைச் சொல்ல வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர்கள் முகம் சுண்டும், எழுந்து உள்ளே போவார்கள், அதையும் பார்க்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அந்த அம்மா சிரித்தார்.

"அதான் தெரியுமே மதினி."

பையனின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "முப்பது வருசம் போலீஸ்ல இருந்தவன்மா. நீங்க குடுத்த போட்டோவுல பொண்ணுக்குப் பின்னால ஒரு டிராம் ஸ்டாப் பலகை இருந்துச்சு. போன வச்சே அந்த எழுத்தப் படிச்சுட்டேன், நிஷினாரியில இருக்க ஸ்டாப். தாள் வந்த அன்னைக்கே தெரியும்."

எனக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தெரிந்தும் சரி என்று சொல்லியிருக்கிறார்களே, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று கண் கலங்கப் பார்த்தது. ஒரு வாய் காப்பி குடித்தேன்.

"நீங்க அபேனோன்னு எழுதினதப் பாத்துதான் எங்களுக்குத் திருப்தியாச்சு" என்றார் அந்த அம்மா. "வெவரமான எடம், நாலு பேருக்கு முன்னால எதச் சொல்லணும் எதச் சொல்லக்கூடாதுன்னு தெரிஞ்ச குடும்பம்னு இவிய அன்னைக்கே சொன்னாக. இருக்கது எங்க வேணாலும் இருக்கட்டும் மதினி. எழுத்துல அபேனோன்னே இருக்கட்டும். பத்திரிகையிலயும் அப்படியே போட்ருவோம். எங்க மூத்த மருமக வீட்டாளுக டோக்கியோவுல இருக்காக, அவிய பாத்தா ஒரு மாதிரி நெனப்பாக. கல்யாணத்துக்குப் பொறவு இவன் இருக்க எடத்துக்கு வந்துருவா. அதுவரைக்கும் யாரு போயிப் பாக்கப் போறா?"

"பையன் சொன்னான், அந்தப் படகு விசயத்த மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்கிடாதீக" என்றார் பையனின் அப்பா. "ஆத்தக் கடந்து வேலைக்குப் போறான்னா ஏதோ பரிசல் தொறன்னு நெனச்சுக்கிடுவாக."

இருவரும் சிரித்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. முதல் வரன் வீட்டார் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள், அது ஒரு வகை. இவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என் பொய்யைப் பாராட்டி, அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கப் போகிறார்கள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

"என் மக நிஷினாரியில இருக்கா. ஆத்தக் கடந்துதான் வேலைக்குப் போறா. அங்க அம்பது பெரியவுகளக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுதா. அதப் பத்திரிகையில போட வெக்கப்படுத வீட்டுக்கு அவ வரமாட்டா. மேடு பள்ளம் பாக்கவா நான் அவள வளத்தேன்? இந்தச் சம்பந்தம் வேணாம்."

"இரும்மா, இரும்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, விசாரணை செய்து பழகிய குரல். "அபேனோன்னு எழுதினது நாங்களா, நீங்களா?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும், அது என் சுபாவம். "வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடிக்க அடிக்க, பேசியதை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகப் பேசியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. இன்னும் இரண்டு வார்த்தை விட்டுப்போனதே என்று வருத்தம்கூட வந்தது. மகள் கேட்டால் சந்தோஷப்படுவாள். நான் எழுதியதை நானே போய்த் திருத்திவிட்டேன், திருத்தியதோடு நிற்காமல் அவள் மானத்தையும் காப்பாற்றிவிட்டேன். ராஜபாளையத்தில் இறங்கும்போது எனக்குப் பசிகூட இல்லை.

மூன்றரைக்கு அவளே கூப்பிட்டாள். குரலில் ஏதோ சிரிப்பு இருந்தது. "அம்மா, ஒனக்கு ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். என் விசயத்தை முதலில் கேளு என்று நான் முந்திக்கொண்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். டிராம் பலகை, பத்திரிகை, பரிசல் துறை, நான் எழுந்தது, சொன்னது எல்லாம்.



"திருத்தத்தானம்மா சொன்னேன்" என்றாள். "முறிக்கவா சொன்னேன்?"

"அவுக கேட்டது சரியாட்டி?"

"தப்புதான். அத நான் கேட்டிருப்பேன். அவரு கேட்டிருப்பாரு. போன ஞாயித்துக்கெழம அவரு இங்க வந்தாரும்மா. டிராம்ல வந்து எறங்கினாரு. என் ரூமப் பாத்தாரு, கடைத்தெருவுல நூடுல்ஸ் சாப்ட்டோம். படகுல ஏத்தி அக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, எங்க இல்லத்துப் பெருசுகளுக்கெல்லாம் காட்டினேன். திரும்பி வரும்போது படகுல வச்சுதான் கேட்டாரு. நான் சரின்னுட்டேன். ரெண்டு நாளு எனக்குள்ளயே வச்சிருந்துட்டு, இன்னைக்கு ஒன்கிட்டச் சொல்லத்தான் போன எடுத்தேன்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"மொதல்ல என்னக் கேக்காம பொய் எழுதின. இப்ப என்னக் கேக்காம வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்க. ரெண்டும் என் விசயம்மா. அவுக வீட்ல நான் இருக்க எடத்தத்தான் மாத்திச் சொல்லப் பாத்தாக. நீ, நான் என்ன சொல்லுவேங்கிறதயே மாத்திச் சொல்லிட்டு வந்துட்ட."

"நாளைக்கே போறேன். கால்ல விழச் சொன்னாலும்..."

"போகாத. போனா இன்னும் நாலு பேச்சுப் பேசிட்டுத்தான் வருவ. நாங்க பாத்துக்கிடுதோம். நீ கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு."

போனை வைத்துவிட்டாள். அவள் குரலில் முதலில் இருந்த அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் அம்மாவிடம் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சொல்கிற விசயம். அதைச் சொல்லவிடாமல் நான்தான் முந்திக்கொண்டேன்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபம் ஒரு துளி குறையவில்லை, அதை இப்போதும் சொல்வேன். ஒரு பெண் இருக்கும் இடத்தின் பேரை அச்சில் மாற்றுவது தவறு, அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கோபத்தைக் காலையில் எழுந்து தூக்கும்போதெல்லாம் அதன் கூடவே நான் எழுதிய அந்தத் தாளும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் முன்னைப்போல் யாரையும் சுளுவாகத் திட்ட முடியவில்லை. எனக்கு இது பழக்கமில்லாத கஷ்டம்.

மகள் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுகிறாள். சாப்பிட்டியா என்கிறாள், முட்டுவலி எப்படி இருக்கிறது என்கிறாள், படகில் பழம் போட்ட கிழவர் இப்போது பேச ஆரம்பித்துவிட்டார் என்கிறாள். அப்பாவிடம் கொடு என்று வாங்கி அவரிடம் தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் பேசுகிறாள். அவர் "சரித்தா, சரித்தா" என்கிறார். வைத்த பிறகு, என்ன சொன்னாள் என்று அவரை நான் கேட்பதில்லை. கல்யாணம் உண்டா, உண்டென்றால் எப்போது, அங்கேயா இங்கேயா, பத்திரிகையில் எந்த இடத்தைப் போடப் போகிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். பெற்றவளுக்கும் பத்திரிகை தபாலில்தான் வரும் போலிருக்கிறது.